கரட்டடியில் இருப்பவர்களின் சம்மதம்

ஜெராக்ஸ் மெஷினிலிருந்து வந்த தாள் கையில் இன்னும் சூடாக இருந்தது. ஊரை ஒட்டிய பாறைக்குன்றான கரட்டைக் கல் குவாரிக்குக் கொடுக்க ஊரார் சம்மதித்ததாகச் சொல்லும் பட்டியல் அது. தேதி போன மாதத்தது. கடைசிப் பெயர் உங்களுடையது. அதற்கு எதிரே ஒரு கையெழுத்து. நீங்கள் இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு வெயிலில் நின்று அதை மூன்று முறை படித்தேன்.

வேப்பந்தட்டைக்கு மேற்கே அந்த ஊருக்கு, செய்தி சேகரிக்க நான் உங்களோடு முதன்முதலில் போன நாள் நினைவுக்கு வந்தது. நிலத்தின் மீதும் காட்டின் மீதும் எளியவர்களுக்குள்ள உரிமையை எப்படி மதிக்க வேண்டும் என்று உலக நாடுகள் கூடி ஒப்புக்கொண்ட நெறிமுறைகளைத் தமிழில் எழுதிக் கொண்டுவந்திருந்தீர்கள். இவை சட்டம் அல்ல, விரும்பிக் கடைப்பிடிக்க வேண்டியவை என்பதையும் மறைக்காமல் சொன்னீர்கள். ஆடு மேய்க்கும் பொன்னாயி சிரித்துவிட்டார்.

"இஷ்டப்பட்டவன் கேப்பான், சரி. குவாரிக்காரன் இஷ்டப்படலன்னா என்னக்கா பண்ணுவ?"

"நாமதான் கேக்க வெக்கணும்," என்றீர்கள்.

கரடு புறம்போக்கு. யார் பெயரிலும் பட்டா இல்லை. மேலே ஆடு மேயும்; அடிவாரத்தில் ஊர் தன் பிணங்களைப் புதைக்கும். பதிவேட்டில் இல்லாதவர்களின் உரிமையையும் கேட்டு எழுத வேண்டும் என்பது அந்த நெறிகளில் ஒன்று. அதனால் ஆடுகள் மேயும் நேரத்தில் பாறை மேல் உட்கார்ந்து, இந்தக் கரடு யார் யாருக்கு உரியது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டீர்கள். பொன்னாயி தன் பெயரைச் சொன்னார், நாத்தனார் பெயரைச் சொன்னார், பிறகு கணவர் பெயரைச் சொன்னார்.

"அவரு எங்க?"

"அந்தா, ஆவாரஞ்செடிக்குக் கீழ. எட்டு வருசமா அங்கதான் இருக்காரு."

நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். அடுத்து வந்தவர்களும் அப்படியே சொன்னார்கள். இருப்பவர்களும் இறந்தவர்களும் ஒரே வரிசையில் ஏறினார்கள். இறந்தவர்களைச் சேர்த்தால் ஆபீசில் பட்டியலையே தூக்கிப் போடுவார்கள் என்று நான் கோபப்பட்டேன். "கேள்வி என்னோடது சார். பதில் அவங்களோடது. அதுல நான் எப்படி கை வெப்பேன்?" என்றீர்கள். பட்டியலின் அடியில், தயாரித்தவர் என்று உங்கள் பெயரை எழுதித் தாலுகா ஆபீசில் கொடுத்தீர்கள். அது ஏதோ ஒரு ஃபைலில் போய்ப் படுத்துக்கொண்டது.

குவாரி கேட்டவர்கள் சம்மதம் காட்ட வேண்டி வந்தபோது, யாரோ அந்தப் பட்டியலை எடுத்து அப்படியே பெயர்த்து எழுதியிருக்கிறார்கள். எல்லாப் பெயருக்கும் எதிரே கையெழுத்து, உங்கள் பெயருக்கும் சேர்த்து. ஊருக்குப் போய்ப் பொன்னாயிக்குப் படித்துக் காட்டினேன். கணவர் பெயர் இருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"உசுரோட இருந்தப்ப ரேகைதான் வெப்பாரு. அங்க போயி எழுதப் படிக்கக் கத்துக்கிட்டாரா?"

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் கரட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஊரார் கொடுத்த புகாரின் மேல் விசாரணை நடந்தது. அதிகாரி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். உயிரோடு இருப்பவர்கள் எழுந்து, "நான் போடலைங்க" என்றார்கள். மற்றப் பெயர்களுக்கு அந்தந்த வீட்டுப் பெண்கள் எழுந்தார்கள். "கரட்டடியில இருக்காருங்க." "கரட்டடியில இருக்காங்க." நான்காவது பெயருக்குப் பிறகு அதிகாரியின் குரல் தணிந்தது. ஒவ்வொரு பெயரையும் கூப்பிட்டுவிட்டு, யாரோ எழுந்து வரக் காத்திருப்பவரைப் போலக் கதவைப் பார்த்தார். கூட்டமும் பார்த்தது. நானும் பார்த்தேன்.

கடைசியில் உங்கள் பெயர். திருச்சியில் உங்களை எரித்தபோது பக்கத்தில் நின்றவன் நான். நான் வாய் திறப்பதற்குள் பொன்னாயி எழுந்தார்.

"அவங்களும் கரட்டடியிலதாங்க."

சம்மதம் செல்லாது என்று உத்தரவு வந்தது. கரடு இப்போதைக்கு ஊரிடமே இருக்கிறது. என் செய்தியில் இவ்வளவுதான் வந்தது.

அதன் பிறகு ஒரு நாள் காலை போனேன். நீங்களும் கரட்டடியில் இருப்பதாக ஏன் சொன்னார் என்று பொன்னாயியிடம் கேட்டேன். அவர் ஆடுகளை அடிவாரம் வழியாக ஓட்டினார். வெறும் தரை அது. மேடும் இல்லை, நட்ட கல்லும் இல்லை. மந்தை ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்தது. ஓர் ஆள் படுக்கும் அளவு இடத்தை விட்டுச் சுற்றிப் போய், அந்தப் பக்கம் மறுபடி ஒன்றாகச் சேர்ந்தது. குட்டிகள்கூட மிதிக்கவில்லை.

"பாத்துக்கிங்க சார். நான் பழக்கல."

கண்ணால் பார்த்ததை மட்டுமே எழுதிப் பழகியவன் நான். இதையும் பார்த்தேன். எந்தச் செய்தியிலும் இதற்கு இடமில்லை, அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

இப்போதெல்லாம் அளக்கப்போகும் நிலம், ஏலத்துக்கு வரும் நிலம் என்று எங்கே போனாலும், காலியாகத் தெரிகிற இடத்தில் சட்டென்று இறங்குவதில்லை. பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுவிட்டுத்தான் காலை வைக்கிறேன்.