அரசமரத்தடியில் போட்ட கல்

பெரியகல்லாறு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் மேனுகாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஓம், என் கையாலேயேதான். எழுதப் படிக்க மாலை வகுப்பில் சேர்ந்ததில் இருந்து சவர்க்கார உறை, மருந்துப் போத்தல், தேர்தல் சுவரொட்டி என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாசிக்கிறேன். போனில் என்றால் நீ குறுக்கே அழுவாய். கடிதத்தில் நான் சொல்லி முடிக்கும் வரை நீ கேட்டுத்தான் ஆகவேண்டும்.

உடம்புக்குக் குறையில்லை. வாவியில் இறால் நன்றாகப் படுகிறது. ஜப்பானில் குளிர் கூடிவிட்டதாமே, காலுறை போட்டுக்கொள்.

ஊரார் சொன்னதைக் கேட்டு, அரசமரத்தடியில் குந்தி மூச்சைப் பார்க்கும் தியானத்தை விட்டுவிடும்படி சொன்னாய். நடந்ததை என் வாயால் கேள். வெறும் மண்ணில் குந்தினால் முழங்கால் பிடிக்கிறது. அதனால் அம்மா உடுப்புத் துவைத்த கல்லை உருட்டிக்கொண்டு போய் மரத்தடியில் போட்டேன். அவ்வளவுதான். மறுநாள் போனால் கல் வாவிக்குள் கிடக்கிறது! கயிறு கட்டித் தோணியால் இழுத்து, அதே இடத்தில் போட்டுக் குந்தினேன்.

பின்னேரம் அம்மன் கோயிலில் எங்கள் குடிச் சொந்தக்காரர் எல்லாரும் கூட்டம் வைத்துவிட்டார்கள். கோயிலை நடத்தும் வண்ணக்கர் கந்தப்போடி எழும்பி, என்ன மச்சான், இண்டைக்குக் கல்லு, மறுகா கொடி, அதுக்குப் பிறகு சிலையா என்று கேட்டார். அவர் பயத்தில் பிழையில்லை. அரசமரத்தடியில் புத்தர் சிலை முளைத்து இடமே கைவிட்டுப் போன வேறு ஊர்க் கதைகளை நாமும் கேட்டிருக்கிறோம். அது எண்ட பொஞ்சாதி உடுப்பு அடிச்ச கல்லு என்றேன். என்னைப் புத்தர் சாமித்தம்பி என்று பின்னால் ஒருவன் கூப்பிட, எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்குள்ள கதவச் சாத்திப்போட்டுக் குந்து, இல்லாட்டி இந்தமுறை அம்மன் சடங்கில நம்மட குடிப் பொங்கல் பானையத் தொடாத என்று கந்தப்போடி முடிவாகச் சொன்னார்.

மகள், அம்மா போன பிறகு நான் கதவைச் சாத்திக்கொண்டுதானே கிடந்தேன்? சோறும் வேண்டாம், வாவியும் வேண்டாம் என்று சுவரைப் பார்த்துக் கிடந்தவன், நீ போனில் மூச்சை எண்ணப் பழக்கியதால் எழும்பினேன். துக்கம் வரும், கொஞ்சம் இருக்கும், போகும். நான் அங்கேயே இருப்பேன். இதை அந்த மரத்தடியில்தான் கண்டேன்.

ஆகையால் கூட்டத்தில் நானும் எழும்பினேன். அம்மன் எனக்குத் தாய், புத்தர் எனக்கு மூச்சு விடப் பழக்கின ஆள், அவங்க ரெண்டு பேருக்கும் சண்டையில்ல, உங்களுக்கென்ன என்றேன். அங்க சிலை வைக்க ஆராவது வந்தா முதல்ல என்னை எழுப்பட்டும், நான் எழும்பமாட்டன் என்றேன். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. கந்தப்போடி தலையைச் சொறிந்துகொண்டு குந்திவிட்டார்.

பானையைத் தருவதாக அவர் இன்னும் சொல்லவில்லை. தந்தாலும் தராவிட்டாலும் வெள்ளிக்கிழமை சடங்கில் வேட்டி கட்டிக்கொண்டு பொங்கல் வரிசையில் நிற்பேன். அன்று விடியவும் மரத்தடியில்தான் இருப்பேன்.

முன்பெல்லாம் நான் கேட்காமலே, இண்டைக்கும் மூச்சைப் பார்த்து இருந்தன் அப்பா என்பாய். இப்போது கேட்டால் வேலை என்கிறாய். சுவரைப் பார்த்துக் கிடந்த காலத்தில் எனக்கிருந்த குரல் இப்போது உன்னிடமிருந்து கேட்கிறது. ஏன் என்று கேட்கமாட்டேன்.

என்னை எழும்பச் சொல்லாதே, மகள். நீ வந்து பக்கத்தில் இரு. இங்கே விடியும்போது அங்கே வெயில் ஏறியிருக்கும். எந்த வேலையானாலும் அந்த நேரம் கொஞ்சம் நிறுத்திவிட்டு, ஒரே ஒரு மூச்சை முழுதாகப் பார். மற்றதை அம்மன் பார்த்துக்கொள்வாள்.

உன் அப்பா,
சாமித்தம்பி