தலைவரின் ஸ்கூட்டரில்

வியாழன், இரவு

இருபது வருடம் நகரசபைத் தலைவராக இருந்தவர் இன்று ஒரே ஓட்டில் தோற்றார். அவருக்கு எதிராகக் கை தூக்கிய உறுப்பினர்களில் நானும் ஒருத்தி. கூட்டம் முடிந்து வெளியே வந்தால், ஸ்கூட்டரோடு நிற்கிறார்.

"மாரிகுப்பம்தானேம்மா? ஏறு, வுட்டுட்டுப் போறேன்."

மறுக்க முடியவில்லை. வழி நெடுக எரியாத தெருவிளக்குகளைக் காட்டிக்கொண்டே வந்தார். என் வீட்டு வாசலில்தான் கேட்டார்.

"நான் இன்னாம்மா தப்பு பண்ணேன்?"

"எங்க தெருவுக்குத் தண்ணி வரலைங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

மூன்று முறை மனு கொடுத்திருக்கிறேன். மூன்றையும் அவரே கையெழுத்துப் போட்டு வாங்கினார். ஆனால் அந்த முகத்தில் பொய் தெரியவில்லை. படிக்காமலேயே கையெழுத்துப் போட்டிருப்பாரா? இத்தனை வருடமும் அப்படித்தானா?

நகல்களைத் தேடி எடுத்து வைத்துவிட்டேன். நாளைக்கு அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இனி படிக்க அவருக்கு நேரம் இருக்கும்.