முத்துச்சரத்துக்குத் தண்ணீர் ஊற்றாமல் இருப்பது

செப். 8, திங்கள்
காலையிலிருந்து மூட்டம். எதிர்மேடு தெரியவில்லை. துணி காயவில்லை.
முத்துச்சரச் செடியை (இனி மு.ச.) பார்வையிட்டேன். வராந்தாவில், தேங்காய்நார்த் தொட்டியில், பச்சைப் பட்டாணியை நூலில் கோத்ததுபோல் தொங்குகிறது. சில பட்டாணிகள் கண்ணாடியாகிவிட்டன. தொட்டால் நசுங்குகின்றன. அழுகல். நர்சரிக்காரர் சொன்னது: இது தண்ணீரால்தான் சாகும். நான் போன வாரத்திலிருந்து ஒரு சொட்டு ஊற்றவில்லை. ஆனாலும் தொட்டி சொட்டுகிறது. என் தலையில்.

சரளா திருப்பத்தூரில், மகன் வீட்டில். ஓய்வுக்குப் பிறகு மலையில் வீடு என்பது என் யோசனை, அவளுடையது அல்ல. ஜீப்பில் ஏறும்போது சொன்னது: "இந்தச் செடி இங்க பொழைக்குதான்னு பாக்கறேன். பொழைச்சா நானும் வர்றேன்."
இத்தனை வருட இல்லறம் இப்போது கொக்கியில் தொங்குகிறது.

செப். 9, செவ்வாய்
வாங்க: காஸ் லைட்டர், கொசுவத்தி, கண்ணாடிக்குத் திருகு.
சரளா போன். "செடி எப்படி இருக்குது?" இருக்கிறது என்றேன். "நீங்க?" இருக்கிறேன் என்றேன். கேட்ட வரிசையைக் கவனித்தேன்.

செப். 11, வியாழன்
குற்றவாளி பிடிபட்டாள். பால் கொண்டுவரும் லட்சுமி தண்ணீர் கேட்டாள். செம்பு நிறையக் கொடுத்தேன். அண்ணாந்து குடித்தாள். மிச்சத்தை, பேச்சை நிறுத்தாமலே, மு.ச. தொட்டியில் ஊற்றினாள்.
"இன்னாம்மா பண்றே?"
"மீந்த தண்ணி சார். சும்மா கீழ கொட்டலாமா? செடிக்கு ஊத்துனா புண்ணியம்."
"தினமுமா?"
"நான் மட்டுமா ஊத்தறேன்? ஜீப்பு பாபுவும் ஊத்தறாரு, பக்கத்து வூட்டு கோவிந்தனும் ஊத்தறாரு. நீங்கதான் ஊத்தற மாதிரி தெரில. பாவம், எப்டி வாடிக்கீது பாருங்க."
வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்காமல் இருக்க முடியாது. மிச்சத்தைத் தரையில் கொட்ட அவர்களால் முடியாது. ஊரே நல்லவர்கள். செடிக்குத்தான் கதி இல்லை.

செப். 12, வெள்ளி
செம்பை ஒளித்துவைத்தேன். பாபுவுக்குச் சின்ன டம்ளர்.
"இன்னா சார், மருந்து மாதிரி அளந்து குடுக்கறீங்க?" இன்னொரு டம்ளர் கேட்டான். பாதி குடித்தான். மீதி மு.ச.வுக்கு.

செப். 13, சனி
அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி மாட்டினேன்: இந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள்.
கோவிந்தன் சாமை வயலுக்குப் போகிற வழியில் நின்று, எழுத்துக் கூட்டிப் படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார்.
"ஒரு செடிக்குத் தண்ணி ஊத்தாதேன்னு போர்டு போட்ட வூட்ட இப்பதான் சார் பாக்கறேன்." கொஞ்சம் யோசித்து, "அம்மா ஊருக்குப் போனது இதனாலதானா?"
அட்டையைக் கழற்றிவிட்டேன்.

செப். 14, ஞாயிறு
வெயில். முதுகுவலி.
அழுகிய சரங்களை வெட்டியெறிந்தேன். தேறியது நான்கைந்து. தொட்டியைக் கைக்கு எட்டாமல் உத்தரத்தில் ஏற்றினேன். கீழே ஒரு செம்பருத்தியை வைத்தேன், மிச்சத் தண்ணீருக்கென்றே. செம்பைத் திரும்ப வெளியே எடுத்தேன்.

செப். 18, வியாழன்
செம்பருத்தி கொழுத்துவிட்டது. மொட்டும் விட்டிருக்கிறது. லட்சுமிக்குப் பெருமை. மு.ச. நுனியில் புதுப் பட்டாணி, மிளகளவு. யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் பார்க்க வருவார்கள், வந்தால் தண்ணீர் கேட்பார்கள்.
சரளா போன். ஞாயிறு வருகிறாளாம். "பாத்துட்டு முடிவு பண்றேன்." பாத்ரூம் கழுவினேன்.

செப். 21, ஞாயிறு
லேசான தூறல். பாபுவின் ஜீப்பில் வந்து இறங்கினாள். வளைவுகளில் தலைசுற்றல். உட்காராமல் நேரே மு.ச. முன்னால்.
"பரவால்லையே. பொழைச்சிருக்குது. எதுக்கு இவ்ளோ மேல மாட்டி வச்சிருக்கீங்க? நான் எப்டிப் பாக்கறது?"
பாபுவை ஸ்டூலில் ஏற்றி, பழைய கொக்கிக்கே இறக்கச் சொன்னாள். பிறகு தண்ணீர் கேட்டாள். செம்பு நிறையக் கொடுத்தேன். பாதி குடித்தாள். செம்பருத்தி காலடியில்தான் இருந்தது. மிச்சத்தை மு.ச. தொட்டியில், நார் நனைய நனைய, ஊற்றினாள்.
பாபு என்னைப் பார்த்தான்.
நான் ஜீப்பிலிருந்து அவள் பெட்டியை எடுத்து உள்ளே வைத்தேன். பெரிய பெட்டி.