தையல்காரி இல்லை, அப்பா

கோயம்புத்தூர்
12.6.2022

அன்புள்ள அப்பாவுக்கு,

அழகுமீனா வணக்கத்துடன் எழுதுவது. போனில் கூப்பிட்டால் அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போகிறீர்கள். கடிதத்தை அப்படிக் கொடுக்க முடியாது, அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆகவே நீங்கள்தான் படித்தாக வேண்டும்.

முடி வெட்டும் பயிற்சியில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. இன்னும் கத்தரி பிடிக்கவே வரவில்லை. ஒரு அலகு அசையாமல் நிற்க, மற்றது மட்டும் திறந்து மூட வேண்டும். எனக்கு இரண்டும் சேர்ந்து ஆடுகின்றன. முடியே இல்லாமல் காற்றை வெட்டிப் பழகுகிறோம். கை கடுத்துப் போகிறது.

நேற்றுதான் பொம்மைத் தலை கொடுத்தார்கள். புதுப்பட்டி பட்டாசுக் கம்பெனியில் திரிக்கட்டை ஒரே பிடியில் வெட்டின கை அல்லவா? மொத்த முடியையும் பின்னால் சேர்த்துப் பிடித்து ஒரே வெட்டு. விட்டுப் பார்த்தால் பின்னால் குட்டை, காதோரம் நெட்டை. சொல்லிக்கொடுக்கும் ஷைலா அக்கா விருதுநகர்க்காரர். "ஏட்டி, சரவெடிக்கா திரி வெட்டுத?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, பாத்ரூமில் போய் அழுதேன்.

முழங்கால் வலிக்கு அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

உங்கள் மகள்,
அழகுமீனா


வெம்பக்கோட்டை
2.7.2022

அழகுமீனா அறிவது,

கடிதம் கிடைத்தது. இங்கே மழை இல்லை. அம்மாவுக்கு ஊசி போட்டாயிற்று.

நம் குடும்பத்தில் மண்ணைத் தொட்டவர்கள் உண்டு. வயிற்றுப்பாட்டுக்கு வெடிமருந்தைத் தொட்டவர்களும் உண்டு. அடுத்தவர் தலைமுடியைத் தொட்டவர் யாரும் இல்லை. டீக்கடையில் இசக்கிப்பாண்டி, "மக என்ன படிக்கா மாமா?" என்று நாலு பேர் முன்னால் கேட்கிறான். தையல் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதற்கும் கத்தரிதானே, பாதிப் பொய்தான்.

திரும்பி வருவதானால் அந்தக் கத்தரியை அங்கேயே போட்டுவிட்டு வா. நேரத்துக்குச் சாப்பிடு.

ஜெயபாண்டி


கோயம்புத்தூர்
15.2.2023

அன்புள்ள அப்பாவுக்கு,

பொங்கலுக்கு ஏன் வரவில்லை என்று அம்மா கேட்டாள். வந்தால் இசக்கிப்பாண்டி அத்தான் சட்டைத்துணியோடு வந்து அளவு எடுக்கச் சொல்வார். நான் என்ன செய்வேன்?

திரி வெட்டினால் கௌரவம், முடி வெட்டினால் கேவலமா? இது எந்த ஊர் நியாயம் அப்பா? திரி வெட்டப் போன நாட்களில் கம்பெனி வேன் சத்தம் கேட்கும்வரை வாசலிலேயே நின்றிருப்பீர்கள். இப்போது நான் உயிரோடு திரும்பும் வேலையில் இருக்கிறேன்.

இங்கே ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். சேர்ந்த புதிதில் ஒரு சுருட்டை முடிக்காரப் பெண் வந்தாள். ஈரத்தில் தோள்வரை இருந்தது, அளந்து வெட்டினேன். காய்ந்ததும் சுருண்டு காதுக்கு ஏறிவிட்டது. கல்யாணப் பெண். கண்ணாடியைப் பார்த்து அவள் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. மறுநாள் முதல் சுருட்டை முடி யார் வந்தாலும், "எனக்குக் கொடுங்கள்" என்று வலிய வாங்கி வெட்டினேன். காயவைத்து வெட்டினேன், சுருள் சுருளாகப் பார்த்து வெட்டினேன். இப்போது சுருட்டை முடிக்காரர்கள் என் பெயரைச் சொல்லிக் கேட்டு வருகிறார்கள். பெருமையாக இருக்கிறது அப்பா. உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

சொந்தக் கத்தரி வாங்கியிருக்கிறேன். யாரையும் தொட விடுவதில்லை.

நான் தையல்காரி இல்லை. முடி வெட்டுகிறவள். கேட்பவர்களிடம் அப்படியே சொல்லுங்கள்.

அழகுமீனா


சிவகாசி
9.3.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இரண்டு வருஷமாகப் பதில் இல்லை. கோபம் ஆறாவிட்டாலும் உடம்பு நன்றாயிருக்கட்டும்.

கோயம்புத்தூரிலிருந்து வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பெண்களுக்கு மட்டும் முடி வெட்டும் கடை போட்டிருக்கிறேன். வெம்பக்கோட்டை பஸ்ஸில் ஏறினால் வந்துவிடலாம். ஷைலா அக்கா வந்து விளக்கேற்றினார். அம்மா வந்து நின்றிருக்க வேண்டிய இடம் அது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் வந்தால் நாற்காலியைத் துடைத்துப் போடுவேன், காபி வாங்கி வருவேன். கத்தரியை மட்டும் ஒளித்துவைக்க மாட்டேன்.

அழகுமீனா


வெம்பக்கோட்டை
27.4.2025

என் மகள் அழகுமீனா அறிவது,

நேற்று சிவகாசிக்கு வந்தேன். மோட்டாருக்குச் சாமான் வாங்க வந்ததாக எழுதத்தான் நினைத்தேன். உன்னைப் பார்க்கத்தான் வந்தேன். உள்ளே வரக் கால் கூசியது. எதிரே டீக்கடையில் உட்கார்ந்துகொண்டேன்.

கண்ணாடிக் கதவு வழியாக உன் நாற்காலியில் என் தங்கச்சியைக் கண்டேன். உன் மாரித்தாய் அத்தைதான். கம்பெனி விபத்தில் தலை வெந்ததிலிருந்து முடி திட்டுத்திட்டாக முளைத்து, தலையில் துண்டு இல்லாமல் வாசலுக்குக்கூட வராதவள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் உன்னிடம் வந்திருக்கிறாள்.

உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவசரமும் இல்லை, தயக்கமும் இல்லை. நீளமாய் இருந்த முடியைக் குறைத்து, வராத இடத்தை மூடி, நீ பாட்டுக்கு அவளோடு பேசிக்கொண்டே செய்தாய். அவள் வெளியே வந்தாள். துண்டு கையில் இருந்தது. பூக்காரியிடம் நின்று பேரம் பேசிவிட்டுத் தலை நிமிர்ந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது அம்மா.

டீக்கடைக்காரரும் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பிள்ளை அம்புட்டு கைராசி அண்ணாச்சி. யார் பெத்த பிள்ளையோ!" என்றார்.

சுருக்கென்றது. அப்போதுதான் உன் போர்டை நிமிர்ந்து பார்த்தேன். வெறும் அழகுமீனா என்று எழுதியிருக்கிறாய். முன்னால் என் இனிஷியல் எங்கே? தகப்பன் இல்லாத பிள்ளையா நீ?

வெள்ளிக்கிழமை காலை பெயிண்டரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அம்மாவும் வருகிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஜெயபாண்டி