ஸ்தோத்திரக் காணிக்கையில் வாசிக்கப்பட்ட கிரைண்டர்

நர்சம்மா,

நேற்று உங்கள் தங்கை மகள் உங்களுடைய கிரைண்டரைக் கடைக்குக் கொண்டு வந்தாள். பெல்ட் அறுந்திருந்தது. பில் இல்லை. மாற்றிக் கொடுத்தேன். பெல்ட்டுக்கு மட்டும் காசு வாங்கினேன், கூலி வாங்கவில்லை.

மூடியைத் திறந்ததும் புளித்த மாவின் வாசனை மூக்கில் ஏறியது. நீங்கள் கடைப்படி ஏறிக்கொண்டே, "இன்னா நைனா, வியாபாரம் பண்றியா, இல்ல ஜனங்கள ஏமாத்திக்கினு கீறியா?" என்று கேட்பது போலவே இருந்தது. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. உங்களுக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்று தோன்றியது. நீங்கள் இருந்த காலத்தில், எழுதித் தர வேண்டிய ஒரே காகிதத்தைக்கூட எழுதித் தராதவன் நான். நம் சண்டை அதிலிருந்துதானே ஆரம்பித்தது.

எனக்குப் பில் எழுதும் பழக்கமே கிடையாது. வெதுருகுப்பம் பக்கத்துச் சந்தைகளில் சைக்கிளில் பிளாஸ்டிக் பக்கெட் கட்டி விற்றுப் பிழைத்தவன். பக்கெட்டுக்கு யார் பில் கேட்பார்கள்? சித்தூரில் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் என்று கடை போட்ட பிறகும் அப்படியே இருந்துவிட்டேன். புது வரி வந்த சமயத்தில் இரண்டு விலை சொல்லப் பழகினேன். பில்லோடு ஒரு விலை, பில் இல்லாமல் ஒரு விலை. எல்லாரும் இரண்டாவதையே எடுத்தார்கள். நீங்களும்தான். "காயிதத்த வெச்சிக்கினு நான் இன்னா பண்றது, மாவு அரைச்சா போதும்" என்றீர்கள். அதை நான் பிற்பாடு பத்துத் தடவையாவது உங்களுக்கு ஞாபகப்படுத்தினேன். பத்துத் தடவையும் நீங்கள் காது கேட்காதவர் மாதிரி இருந்தீர்கள்.

நீங்கள் மிஷன் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். பென்ஷன் கிடையாது. பக்கத்து லேடீஸ் ஹாஸ்டல் பெண்களுக்கு இட்லி மாவு விற்கலாம் என்று ஆரம்பித்தீர்கள். தினம் முப்பது பாக்கெட். அதற்காகத்தான் அந்த கிரைண்டர். இதெல்லாம் எனக்குத் தெரிந்துதான் விற்றேன்.

இப்போது என் கெட்டிக்காரத்தனத்துக்கு வருகிறேன். உங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் பிள்ளை பாஸானாலும், வண்டி வாங்கினாலும், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தாலும், கவரில் காணிக்கை போட்டு, எதற்காக என்று மேலே எழுதிக் கொடுப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அதை மைக்கில் வாசிப்பார்கள். நானூறு பேர் கேட்கிறார்கள், நாலு காசு செலவில்லை. விடுவேனா? உங்களிடம் சொன்னேன்: "நர்சம்மா, கவர்ல என் கடைப் பேரையும் சேத்து எழுதுங்க. இன்னும் நூறு ரூபா கொறைச்சிக்கிறேன்."

நீங்கள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஆண்டவருக்கு சொல்ற தேங்க்ஸ்ல உனக்கும் பங்கு கேக்கறியா?" என்றீர்கள். ஆனாலும் நூறு ரூபாயை விடவில்லை.

அந்த ஞாயிறு நான் சர்ச் கேட்டுக்கு வெளியே, யாருக்கோ காத்திருப்பவன் போல நின்றுகொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் வந்தது. "புதிய கிரைண்டர் வாங்கக் கிருபை செய்த தேவனுக்கு ஸ்தோத்திரம்." அப்புறம் உங்கள் பெயர், அப்புறம் என் கடையின் பெயர். வாசித்தவர் என் கடைப் பெயரைச் சொல்லும்போது கொஞ்சம் இருமினார். அது ஒன்றுதான் குறை. அந்த வாரமே மூன்று குக்கர் விற்றேன்.

ஒன்பதாவது நாள் கிரைண்டர் நின்றுவிட்டது.

ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்து இறக்கினீர்கள். ஸ்விட்ச் போட்டுப் பார்த்தேன். ஐந்து நிமிஷம் ஓடியது. கருகிய நாற்றம் வந்தது. நின்றது. மோட்டார் கோளாறு என்று எனக்கு அந்த நாற்றத்திலேயே தெரியும். வாய் மட்டும் வேறு சொன்னது.

"அரிசி ஜாஸ்தி போட்டிருப்பீங்க."

"முப்பது வருஷமா ஆளுக்கு எவ்ளோ மருந்துன்னு அளந்து குடுத்தவ நான். எனக்கு அரிசி அளக்கத் தெரியாதா?"

"பில் இருக்குதா?"

"நீ குடுத்தியா?"

"பில் இல்லாம எதையும் திரும்ப எடுக்கறதில்ல நர்சம்மா. போர்டு பாருங்க."

விற்ற பொருள் திரும்ப எடுக்கப்பட மாட்டாது என்று தெலுங்கிலும் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி மாட்டியிருந்தேன். நீங்கள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு மூன்றையும் நிதானமாகப் படித்தீர்கள்.

"மூணு பாஷையில எழுத கூலி குடுத்திருக்கிற. ஒரு பாஷையில பில் எழுத உனக்கு கை வரல."

கடையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அங்கேதான் வியாபாரி பேசக் கூடாத ஒன்றைப் பேசினேன். "இது என் கடையில வாங்கினதுதான்னு இன்னா சாட்சி?"

நீங்கள் கோபப்படவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள்.

"உன் ஸ்டிக்கரு ஒட்டிக்கினு கீது, அத வுடு. நானூறு பேர் சாட்சி. மைக்குல படிச்சது. கவரு இன்னும் சபை ஆபீஸ்ல கீது, உன் கடைப் பேரோட. அதெல்லாம் வேணாம்னா, கேட்டாண்ட நின்னு காத தீட்டிக்கினு கேட்டியே, நீயே சாட்சி. நான் ஜன்னல் ஓரமாத்தான் குந்திக்கினு இருந்தேன்."

நான் மேஜை இழுப்பறையைத் திறந்து எதையோ தேடினேன்.

"பில் குடுக்காம வித்தது உன் தப்பு. உன் தப்பயே காட்டி என்னைத் தொரத்தறியா? காயிதம் இல்லன்னா நான் வாங்கலன்னு ஆயிடுமா? கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போனா அவங்களும் இதத்தான் கேப்பாங்க, பில் ஏன் குடுக்கலன்னு. ஆனா நான் கோர்ட்டுக்குப் போகப் போறதில்ல."

அப்பாடா என்று இருந்தது எனக்கு. அந்த அப்பாடாவை முழுசாக விடுவதற்குள் கைப்பையிலிருந்து, வீட்டிலேயே எழுதி வைத்திருந்த ஒரு சீட்டை எடுத்தீர்கள். காணிக்கைக் கவர் மாதிரியே ஜெப விண்ணப்பத்துக்கும் உங்கள் சபையில் ஒரு பெட்டி உண்டு. பெட்டியில் போட்டதை ஞாயிறன்று வாசித்து, எல்லாரும் கண்ணை மூடி ஜெபிப்பார்கள். சீட்டில் உங்கள் முத்து முத்தான கையெழுத்தில் இருந்தது: "கெட்டுப்போன பொருளைத் திரும்ப எடுக்க மனமில்லாமல் கஷ்டப்படும் சகோதரனுக்காக." கீழே என் கடைப் பெயர், வீதிப் பெயரோடு.

"யார் கடைன்னு தெரியாம ஜெபம் பண்ணக் கூடாதில்ல?" என்றீர்கள்.

கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. நானூறு பேர் கண்ணை மூடிக்கொண்டு என் கடை போர்டை மனதில் நினைத்துப் பார்ப்பதை நினைத்தேன்.

ஆனால் என் சங்கடத்தையும் உங்களிடம் மறைக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். அந்த கிரைண்டரை நான் திருப்பதியில் ஒரு மொத்தக் கடையில் எடுத்தேன். நானும் பில் இல்லாமல்தான் எடுத்தேன். என் கையிலிருந்து புதுசு கொடுத்தால் அந்த மாதம் எனக்கு ஒன்றும் மிஞ்சாது. இதைச் சொன்னதும் நீங்கள் சிரித்தீர்களே ஒரு சிரிப்பு, கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டி வந்தது.

"அப்போ நீயும் என்ன மாதிரிதானா? வா, ரெண்டு பேரும் போலாம். இன்னிக்கே மாவு குடுக்கல. இன்னும் ரெண்டு நாள் போனா ஹாஸ்டல் பொண்ணுங்க வேற எடம் பாத்துக்கும். நாளைக்கே போலாம்."

மறுநாள் காலை பஸ்ஸில், கிரைண்டர் சாக்குப்பையில் உங்கள் காலடியில். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். நீங்கள் அந்தச் சின்னச் சீட்டை என் கண்ணுக்கு நேராகப் பிடித்து, "பாத்துக்கோ. பஸ்காரனே இதுக்கு பில் குடுத்துட்டான்" என்றீர்கள். பூதலப்பட்டு தாண்டுகிற வரைக்கும் நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

திருப்பதியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது அந்த மொத்தக் கடை. மொட்டையடித்து சந்தனம் பூசிய ஒரு குடும்பம் பால் குக்கர் பேரம் பேசிக்கொண்டிருந்தது. கடைக்காரர் கிரைண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எத்தனை வருஷமாக என்னைத் தெரிந்தவர். "பில்லு ஏதி அன்னா?" என்றார், பில் எங்கே என்று.

நான் வாயைத் திறப்பதற்குள் தலைக்கு மேலே கையைக் காட்டினார். அங்கே ஒரு போர்டு. என் கடையில் இருக்கும் அதே வாசகம். சொல்லப்போனால் நான் அவரைப் பார்த்துத்தான் எழுதி வைத்தேன்.

எனக்கு முதல் தடவையாக வாடிக்கையாளர் பக்கத்தில் நின்று பேச வேண்டி வந்தது. பேச வரவில்லை, நர்சம்மா. முப்பது விதமாக மறுத்துப் பேசத் தெரிந்த எனக்கு, ஒரு விதமாகக் கேட்கத் தெரியவில்லை. "அன்னா, மனம் பாத வாள்ளம் கதா" என்று பழைய சிநேகத்தை இழுத்தேன். அவர் உதட்டைப் பிதுக்கி, "இதி நா ஷாப்புதேனனி ஏமி சாட்சி?" என்றார். என் கடைதான் என்பதற்கு என்ன சாட்சி என்று, நான் உங்களிடம் கேட்ட அதே கேள்வி. நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். அந்தப் பார்வைக்கு ஜெப விண்ணப்பமே மேல்.

அப்புறம் நீங்கள் கொஞ்சம் தண்ணீர் கேட்டீர்கள். குடிக்கத்தான் என்று நினைத்து அவரே ஒரு டம்ளர் எடுத்துக் கொடுத்தார். நீங்கள் கைக்குட்டையை நனைத்து, கிரைண்டரின் பக்கத்தில் ஒட்டியிருந்த என் கடை ஸ்டிக்கர் மேல் வைத்து அழுத்தினீர்கள். எங்கள் வியாபாரத்தில் எல்லாரும் செய்வதுதான். மொத்தக் கடைக்காரர் தன் ஸ்டிக்கரை ஒட்டுவார். அதைப் பார்த்து ஜனங்கள் நேராக அவரிடம் போய்விடக் கூடாதே என்று அதன் மேலேயே எங்களுடையதை ஒட்டிவிடுவோம். காயத்தில் ஒட்டிய பிளாஸ்திரியை வலிக்காமல் பிரிக்கிற மாதிரி, ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல நீங்கள் பிரித்தீர்கள். என் ஸ்டிக்கர் முழுசாக வந்தது. அடியில் அவருடைய ஸ்டிக்கர், கடை முகவரியோடு, பளிச்சென்று.

"இது உன் கடைதானே, நைனா?" என்றீர்கள், அவரையும் நைனா ஆக்கி.

அவர் பால் குக்கர் பக்கம் திரும்பிக்கொண்டார். நீங்கள் கைக்குட்டையை மறுபடி நனைத்து அவருடைய ஸ்டிக்கர் மேலும் வைத்தீர்கள். "அதி ஒத்தம்மா, ஒத்து" என்று அவர் பதறி எழுந்தார். வேண்டாம், வேண்டாம் என்று. ஆனால் ஓரம் பிரிந்துவிட்டது. அதற்கும் அடியில் சென்னைக் கடை ஒன்றின் ஸ்டிக்கர் எட்டிப் பார்த்தது. தான் நேராகக் கம்பெனியிலிருந்து எடுப்பதாகத்தான் அவர் எங்கள் எல்லாரிடமும் சொல்லியிருந்தார். மொட்டைத்தலைக் குடும்பம் பேரத்தை விட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பிவிட்டது. நீங்கள் ஸ்டிக்கரை விரலால் தடவிப் பழையபடி ஒட்டினீர்கள். அவர் உள்ளே போய்ப் புது கிரைண்டரை அவரே தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஓட்டிக் காட்டு" என்றீர்கள். இருபது நிமிஷம் ஓட்டிக் காட்டினார். "எழுதிக் குடு" என்றீர்கள். எழுதிக் கொடுத்தார். அந்தக் கடையிலிருந்து நான் வாங்கிய முதல் பில் அதுதான். மறுநாள் காலையே ஹாஸ்டலுக்கு முப்பது பாக்கெட் போய்ச் சேர்ந்தது என்று ஆட்டோக்காரர் வந்து சொன்னார்.

உங்கள் அடக்க ஆராதனைக்கு வந்திருந்தேன். கேட்டுக்கு வெளியே நிற்காமல் முதல் தடவையாக உள்ளே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். நீங்கள் ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டவர்கள் ஒவ்வொருவராக எழுந்து உங்களைப் பற்றிப் பேசினார்கள். என்னையும் பேசச் சொன்னார்கள். நான் கிரைண்டரைப் பற்றிப் பேச முடியுமா? கையைக் கூப்பிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

இப்போதும் தினம் யாராவது ஒருவர் காகிதம் எதுவும் இல்லாமல், பெட்டியை மட்டும் கட்டிப்பிடித்துக்கொண்டு வருகிறார்கள். படியேறும்போதே முகத்தில் தெரியும், சண்டைக்குத் தயாராகி வந்திருக்கிறார்கள் என்று. முன்பெல்லாம் என் வாயில் முதலில் வருவது "பில் இருக்குதா?" இப்போது முதலில் வருவது "இன்னா ஆச்சு?" இந்த ஒரு கேள்வியால் எனக்கு நஷ்டம் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். எதையோ உடைத்துவிட்டு வந்து பொய் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வாங்கினவர்கள் போய் இன்னும் நாலு பேரை அழைத்து வருகிறார்கள். லாபம்தான். அதையும் உங்களிடம் ஒளிக்க வேண்டியதில்லை.

அன்றைக்குத் திரும்பும் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, ஆளுக்கு ஒரு டீயைக் கையில் வைத்துக்கொண்டு நாம் பேசி முடித்ததை அப்படியே வைத்திருக்கிறேன். ஜெப விண்ணப்பச் சீட்டை நீங்கள் கிழித்துப் போட வேண்டும். போர்டை நான் இறக்க வேண்டும். கேட்டாலும் கேட்காவிட்டாலும் பில் தர வேண்டும், விலை ஒன்றுதான். முப்பது நாளைக்குள் கோளாறு என்று வந்தால், பில் தொலைந்திருந்தாலும், என் கடைப் பொருள் என்று எந்த வழியில் தெரிந்தாலும் மாற்றித் தர வேண்டும். அதற்கு மேல் ஒரு வருஷம் வரை ரிப்பேர் கூலி கிடையாது. உங்கள் பக்கத்துக்கு: மாவு பாக்கெட் முப்பது ரூபாய். எனக்குத் தள்ளுபடி கிடையாது. பில்லும் கிடையாது. புளித்திருந்தால் கேள்வி கேட்காமல் மாற்றித் தரப்படும்.