நான்கு வரி ஆங்கிலம்

2002 ஜூன் 9, ஞாயிறு

பூசை முடிந்து நேரே பிரவுசிங் சென்டர். மூன்று பக்கக் கடிதத்தை அங்கே வேலை செய்யும் சகாயசெல்வி ஸ்கேன் செய்து மஸ்கட்டுக்கு அனுப்பினாள். கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்க எங்கள் இருவருக்குமே தெரியாது. கையால் எழுதியதைப் படமாக அனுப்பலாம் என்று யோசனை சொன்னவள் அவள்தான். பதினோரு மாதமாக வாரம் ஒன்று போகிறது. பதிலுக்கு சேவியர் ஆங்கிலத்தில் நான்கு வரி தட்டுவார். ஏ.சி. மெக்கானிக்குக்கு அவ்வளவுதான் வரும். புருஷன் பெண்டாட்டி சமாச்சாரம் என்று, செல்வி அதைப் படிக்காமலே பிரிண்ட் எடுத்து மடித்துத் தருவாள். நல்ல பிள்ளை.

ஜூன் 14, வெள்ளி

சேவியர் பக்கத்து வீட்டு ஜெய்தூன் பீவி அக்காவுக்குப் போன் செய்து என்னைக் கூப்பிடச் சொன்னார். இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறதாம் கம்பெனி. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். நீ என்ன சொல்கிறாய் என்றார். ஹாலில் ஆறு பேர் எனக்காக டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். "உங்க இஷ்டம்" என்றேன்.

சீ. என் வாயில் தீயை வைக்க.

ஜூன் 16, ஞாயிறு

ஏழு பக்கம். வந்துவிடுங்கள், கையெழுத்துப் போடாதீர்கள் என்று வெட்கத்தை விட்டு எழுதினேன். நீங்கள் போய் மூன்று வருடமாகியும் கட்டிலில் ஓரமாகவே படுக்கிறேன் என்பதையும் எழுதினேன்.

ஜூன் 18, செவ்வாய்

அதற்குள் பதில்! செல்வி மடித்துத் தந்ததை வீட்டுக்கு வந்து பிரித்தேன். அவருடைய மெயில் முகவரி. கீழே ஆங்கிலத்தில் நான்கு வரி. அர்த்தம் இதுதான்:

இது நிரந்தரமான பிழை. நான் கைவிட்டுவிட்டேன். சரிப்படாமல் போனதற்கு வருந்துகிறேன்.

எது பிழை? நானா? டிக்‌ஷனரியை எடுத்து ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்தேன். என்னைப் போல மூன்றாம் வகுப்பு டீச்சருக்கும் புரிகிற ஆங்கிலம்தான்.

ஜூன் 21, வெள்ளி

போன் வந்தது. தலைவலி என்று சொல்லச் சொன்னேன்.

ஜூன் 23, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. எழுதவும் இல்லை. சோறு இறங்கமாட்டேங்குது. அப்படி என்ன கேட்டுட்டேன், வாங்கன்னுதானே?

ஜூன் 30, ஞாயிறு

கோவில் வாசலில் செல்வி பிடித்துக்கொண்டாள். போன வாரம் ஏன் வரவில்லை என்றாள். பையிலிருந்த தாளை அவள் கையில் கொடுத்தேன். இன்றுதான் படித்தாள்.

"அக்கா, இது அண்ணன் எழுதுனதில்ல. மிசின் எழுதுனது. அண்ணன் மெயில் பொட்டி நெறஞ்சுபோச்சு. ஒங்க லெட்டரு உள்ள போகாமத் திரும்பிருச்சு."

மிஷினுக்கு எதற்கு 'நான்'? யார் அதை வருத்தப்படச் சொன்னது?

எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். மஸ்கட் கிடைக்க அரை மணி நேரம். சேவியரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"வேணாம்னு ஒரு வார்த்த எழுதுவியான்னு தெனம் பாத்தேன் டெய்சி. நீ போனுக்கும் வரல. நேத்துதான் கையெழுத்துப் போட்டேன்."

பெட்டி நிறைந்தது கூடவா தெரியவில்லை என்று கத்தினேன். சிவப்பாக ஆங்கிலத்தில் ஏதோ வந்ததாம், புரியவில்லையாம். அப்படி எதைத்தான் அடைத்து வைத்திருந்தீர்கள் என்றேன்.

"ஒன் லெட்டருதான். ஒண்ணக்கூட அழிக்க மனசு வரல."

ஜூலை 7, ஞாயிறு

ஒரே பக்கம் அனுப்பினேன். இடம் வேண்டும் என்று பழையதில் ஐந்தை அழித்தாராம். எந்த ஐந்து என்று நான் கேட்கவில்லை.