நெற்றியிலிருந்து விழுந்த துகள்

இன்று காலை நான் பாடமெடுக்கும் கல்லூரியின் ஆய்வுக்கூட வாசலில் ஒரு மாணவி நெற்றியைத் துடைக்கப் போனாள். திருநீற்றோடு உள்ளே வரக் கூடாதென்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்தத் திருநீற்று வாசனையில் எனக்கு உன் நினைப்புதான் வந்தது.

தொண்ணூறுகளின் கடைசி. பாளையங்கோட்டைக் கல்லூரியில் நம் இருவருக்கும் ஒரே ஆய்வு: லேசர் ஒளியால் ஒற்றைக் குறைகடத்தி நானோ படிகத்தைப் பிடித்து, கண்ணாடியில் நினைத்த இடத்தில் உட்கார வைப்பது. மேசை அதிராமலிருக்க ஸ்கூட்டர் டியூபில் காற்றடித்து அதன்மேல் பலகை போட்டிருந்தோம்.

"இதெல்லாம் வெளிநாட்டுல செய்யுதது. முக்கூடல்ல பஸ் ஏறி வார பிள்ளைக்கு எதுக்கு?" என்றார் துறைத்தலைவர், உன்னைப் பார்த்து. மாதக் கடைசிக்குள் ஒரு படிகத்தையாவது வைத்துக் காட்டாவிட்டால் தலைப்பு ரத்து.

ஒரு மத்தியானம் ஒளியில் ஒரு துகள் சிக்கியது. இழுத்த பக்கமெல்லாம் வந்தது. அவரைக் கூட்டி வந்தோம். படிகமென்றால் சிவப்பாக ஒளிர வேண்டும், இது ஒளிரவேயில்லை. அவர் உன் நெற்றியைப் பார்த்தார்.

"திருநீறு உதிர்ந்திருக்கு. நாளைக்கு வெறும் நெத்தியோட வா. இல்லன்னா வராத."

எனக்கு ஆத்திரமான ஆத்திரம். நீயோ பைய லென்சைத் துடைத்தாய். "ஏளா, இந்த வேலை நடக்காதுன்னாரு. நெத்தியத் துடைன்னாரு. ரெண்டையும் நான் கேக்கப் போறதில்ல."

மறுநாள் உதிராதபடி தண்ணீரில் குழைத்துப் பூசி வந்தாய். "தீட்சை வாங்காதவ குழைச்சுப் பூசுதியான்னு எங்கம்மை ஏசுதா. ஏசட்டும்."

கெடுவுக்கு முந்தின நாள் ஒரு சிவப்புப் புள்ளி சிக்கியது. அணைந்தது, எரிந்தது, மறுபடி அணைந்தது. படிகங்கள் கூட்டமாக இருந்தால் விடாமல் எரியும். ஒற்றைப் படிகம்தான் அப்படி விட்டுவிட்டு மினுங்கும். அதைக் கண்ணாடியில் இறக்கினாய். பிடித்த ஒளியை விலக்கியும் அது இடம் மாறவில்லை.

துறைத்தலைவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். "திருநீறு இல்லையே?"

"இல்ல சார். அது இங்கன இருக்கு" என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினாய்.

சில வருடங்களில் ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. தேவசித்தம் என்று எனக்கு ஆறுதல் சொல்ல வந்தவர்களிடம் சண்டை போட்டேன். இன்றைக்கும் போடுவேன். உன் பதினாறாம் நாளில் உன் அம்மா ஒரு திருநீற்றுப் பொட்டலத்தை என் கையில் வைத்தார்கள்.

இன்று அந்த மாணவியின் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற நான், கைப்பையிலிருந்த அந்தப் பொட்டலத்தைப் பிரித்து, உள்ளங்கையில் தண்ணீர் விட்டுக் குழைத்தேன்.

"பூசிக்கிட்டு உள்ள போ. எவனும் கேட்டா என்கிட்ட அனுப்பு."